ஐந்து கார்டுக்குள் அடங்கும் பாட்டுகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி இது: கிடார் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ஈ மைனர், ஜி, சி, டி, ஏ மைனர் என்று ஐந்து கார்ட் பிடிக்க வருகிறது. ‘ஈஸி’ என்று போட்டிருக்கும் பாட்டைத் திறந்தால் நாலாவது வரியில் எஃப் வந்து நிற்கிறது, இல்லாவிட்டால் பி மைனர். தமிழ்ப் பாட்டு வாசிக்கத்தான் ஆசை. எனக்கு வரக்கூடிய பாட்டை எங்கே போய்த் தேடுவது?

என்னிடம் கிடார் கற்க வருகிறவர்களும் மூன்றாவது மாதத்தில்தான் இதைக் கேட்பார்கள். முதல் மாதம் விரல் வலிக்கிறது என்பார்கள். இரண்டாவது மாதம் கார்ட் மாற்றும்போது கை தடுமாறுகிறது என்பார்கள். மூன்றாவது மாதத்தில் விரல் நுனி காய்த்துவிடும், கையும் கொஞ்சம் பழகிவிடும். அப்போது வாசிக்க ஒரு பாட்டு வேண்டும். அது கிடைக்காமல் கிடாரை உறையில் போட்டு மூடி வைத்தவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் கையில் இருப்பதைப் பார்ப்போம். கார்ட் என்பது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களின் பிடி, ஸ்கேல் என்பது அந்தச் சுரங்கள் வரும் வரிசை. நீங்கள் சொன்ன ஐந்தும் ஒரே ஸ்கேலைச் சேர்ந்தவை. ஜி மேஜர் ஸ்கேலில் ஜி, ஏ மைனர், பி மைனர், சி, டி, ஈ மைனர் என்று ஆறு கார்ட் புழக்கத்தில் உண்டு. அதில் பி மைனர் தவிர மற்ற ஐந்தும் உங்களிடம் இருக்கின்றன. மேடையில் கேட்கும் மெல்லிசைப் பாட்டுகளில் பெரும் பகுதி இந்த ஆறு கார்டுக்குள், அல்லது இதே ஆறை இன்னொரு ஸ்கேலுக்கு நகர்த்தியதற்குள் அடங்கிவிடும். ஆக உங்களுக்குக் குறைவாக இருப்பது கார்ட் கிடையாது. ஒரு பாட்டைப் பார்த்ததும் ‘இது என் கைக்கு வரும், இது இப்போது வராது’ என்று சொல்லும் அளவுகோல்தான் இல்லை. அது இருந்தால் ‘ஈஸி’ என்று யார் எழுதியிருந்தாலும், எழுதாவிட்டாலும் உங்களுக்குக் கவலை இல்லை.

கற்கத் தொடங்கியவர்கள் எல்லோரும் எத்தனை கார்ட் என்றுதான் எண்ணுகிறார்கள். நாலு கார்ட் என்றால் எளிது, ஏழு என்றால் கஷ்டம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கையைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும். கார்ட் எத்தனை என்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பதில்தான் சிரமம் இருக்கிறது.

என் அக்கா மகள் பிளஸ் டூ முடித்த விடுமுறையில் கிடார் தொடங்கினாள். ஒரு நாள் மாலை கிடாரும் கையுமாக வந்து, “மாமா, நாலே நாலு கார்டுதான் இதுல. நாலும் எனக்குத் தெரியும். ஆனா பாட்டோட சேர்ந்து ஒரு வரிகூட வாசிக்க முடியலையே” என்றாள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, போனில் பாட்டை ஒரு நிமிடம் ஓடவிட்டு, கார்ட் மாறும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கோடு போடச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் 38 கோடு. அப்புறம் அவளை ஜியிலிருந்து சிக்கும் சியிலிருந்து ஜிக்கும் விடாமல் மாற்றச் சொல்லி, அதையும் ஒரு நிமிடம் எண்ணினோம். 14 வந்தது. 14 முறை மாற்றும் கையை 38 முறை மாற்றச் சொன்னால் அது என்ன செய்யும்? அடுத்து, அவள் கஷ்டம் என்று ஒதுக்கி வைத்திருந்த ஒரு பாட்டை எடுத்தோம். ஐந்து கார்ட். ஒவ்வொன்றும் எட்டுத் தட்டு நின்று நிதானமாக மாறுகிறது. கோடு போட்டால் ஒரு நிமிடத்துக்கு 11. அன்று இரவு சாப்பிடுவதற்குள் அதன் பல்லவியை வாசித்துவிட்டாள்.

இந்த ஒரு நிமிடக் கணக்கை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியவர் ஜஸ்டின் சாண்டர்கோ. ஆஸ்திரேலியாவில் பிறந்து, இங்கிலாந்தில் பெயர் பெற்ற ஆசிரியர். இணையத்தில் இலவசமாகவே கிடார் சொல்லித் தருகிறார். இரண்டு கார்டை எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற்ற முடிகிறது என்று எண்ணி, தினமும் குறித்து வைப்பதுதான் அந்தப் பயிற்சி. நான் அதைப் பாட்டுத் தேர்வுக்கும் பயன்படுத்துகிறேன், ஏனென்றால் கையையும் பாட்டையும் ஒரே அளவையில் அளக்க முடிகிறது. நிமிடத்துக்கு 80 தட்டு ஓடும் பாட்டில், நாலு தட்டுக்கு ஒரு கார்ட் என்றால் நிமிடத்துக்கு 20 மாற்றம். அதே பாட்டில் இரண்டு தட்டுக்கு ஒன்று என்றால் 40. நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் துள்ளல் பாட்டாக இருந்தாலும், ஒரு கார்ட் எட்டுத் தட்டு நின்றால் 15தான். துள்ளல் பாட்டு மெதுவான பாட்டைவிட எளிதாக இருப்பது இப்படித்தான்.

உங்களிடம் இருக்கும் ஜோடிகளில் மிக மந்தமான ஜோடி எது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் ஜியும் சியுமாக இருக்கும், அல்லது சியும் டியும். அதன் எண்ணிக்கை 24 என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் அதில் பாதி, அதாவது நிமிடத்துக்கு 12 மாற்றம் வரும் பாட்டுகளை எடுங்கள். பயிற்சியில் கைக்கு ஒரே வேலை. பாட்டில் ஸ்ட்ரம்மிங், தாளம், வரி நினைவு, கூடவே வாய் பாடுவது எல்லாம் சேர்ந்துகொள்ளும். பாதியில் தொடங்கினால் முதல் நாளே முழுப் பல்லவி வரும். அந்த முதல் முழுப் பல்லவி தரும் தெம்புக்கு ஈடு எதுவும் இல்லை.

மாற்றத்தின் வேகத்தைக் கூட்ட ஒரு சின்ன விரல் ஏற்பாடு இருக்கிறது. நான் எல்லோருக்கும் காட்டுவது இதைத்தான். ஜியை நான்கு விரலாலும் பிடியுங்கள்: நடுவிரல் ஆறாவது கம்பியில் (எல்லாவற்றிலும் தடித்தது அதுதான்) மூன்றாவது ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே இருக்கும் கட்டம்), ஆள்காட்டி விரல் ஐந்தாவது கம்பியில் இரண்டாவது ஃபிரெட், மோதிர விரலும் சுண்டு விரலும் இரண்டாவது, முதல் கம்பிகளில் மூன்றாவது ஃபிரெட். இனி மோதிர விரலையும் சுண்டு விரலையும் எடுக்கவே கூடாது. நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒரு கம்பி கீழே, அதாவது மெல்லிய கம்பிகள் இருக்கும் பக்கம் நகர்த்தினால் நடுவிரல் ஐந்தாவது கம்பிக்கும் ஆள்காட்டி விரல் நாலாவது கம்பிக்கும் வரும். இது சி கார்டின் ஒரு வகை, சி ஆட் நைன் என்பார்கள். ஆறாவது கம்பியைத் தட்டாதீர்கள். அதே இரண்டு விரலையும் ஐந்தாவது, நாலாவது கம்பிகளின் இரண்டாவது ஃபிரெட்டில் வைத்தால் ஈ மைனர் செவன்த். டிக்குப் போக மோதிர விரல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும், சுண்டு விரல் எழும், ஆள்காட்டி விரல் மூன்றாவது கம்பியிலும் நடுவிரல் முதல் கம்பியிலும் இரண்டாவது ஃபிரெட்டில் உட்காரும். நான்கு கார்டிலும் மோதிர விரல் ஒரே இடத்தில் ஊன்றியிருக்கிறது. கைக்கு ஒரு பிடிமானம் இருப்பதால் தேடல் நின்றுவிடுகிறது. அக்கா மகளின் 14 இந்த ஏற்பாட்டில் ஒரே வாரத்தில் 30ஐத் தாண்டியது. இதே மாதிரி ஏ மைனரிலிருந்து சாதாரண சிக்குப் போகும்போது மோதிர விரல் ஒன்றுதான் நகர வேண்டும். மூன்று விரலையும் தூக்கித் தூக்கி வைக்கிறவர்கள் இதைக் கவனித்துப் பாருங்கள்.

சரி, இனி ஸ்கேல் விஷயம். நீங்கள் திறக்கும் பாட்டில் எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட், ஜி மைனர் என்று இருந்தால் உடனே மூடிவிடுகிறீர்கள், இல்லையா? ஒவ்வொன்றையும் மூன்று அரைச் சுரம் கீழே இறக்கிப் பாருங்கள். பி ஃபிளாட் ஜி ஆகிறது, ஈ ஃபிளாட் சி ஆகிறது, எஃப் டி ஆகிறது, ஜி மைனர் ஈ மைனர் ஆகிறது. எல்லாமே உங்கள் கார்ட். மூன்றாவது ஃபிரெட்டில் கேப்போ, அதாவது எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி, மாட்டி இந்த நாலையும் வாசித்தால் அசல் பாட்டின் சுருதியிலேயே ஒலிக்கும். நூறு இருநூறு ரூபாய்க்கே கேப்போ கிடைக்கும். தொடக்க நிலையில் கிடாருக்கு அடுத்து நான் வாங்கச் சொல்லும் பொருள் அதுதான். கேப்போ போடுவது குறுக்கு வழி என்று சிலர் தயங்குவார்கள். பாடுகிறவரின் குரலுக்கு ஏற்ப ஸ்கேலை மாற்றுவது மேடையில் அன்றாடம் நடக்கும் வேலை. கேப்போ அதை உங்களுக்குச் செய்து தருகிறது, தயங்க வேண்டாம்.

ஹார்மோனியம் பக்கம் இருந்தவர்களுக்குக் கட்டை கணக்கு தெரிந்திருக்கும். ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை என்பவை நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள். உங்கள் வீட்டில் பாடுகிறவர் ஆறரை கட்டை என்றால் ஜி வடிவத்தில் பிடித்து மூன்றாவது ஃபிரெட்டில் கேப்போ. ஏழு கட்டை என்றால் நாலாவது ஃபிரெட். ஒரு கட்டை என்றால் ஐந்தாவது ஃபிரெட். ஐந்து கட்டைக்குக் கேப்போவே தேவையில்லை. ஒரே ஜி குடும்பத்தை வைத்துக்கொண்டு ஐந்து கட்டையிலிருந்து மேல் ஒரு கட்டை வரை வாசித்துவிடலாம்.

இனி நீங்கள் முக்கியமாகக் கேட்டது, தமிழ்ப் பாட்டு. இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பல குழப்பம் தீரும். நம் இசை மெட்டை ஆதாரமாகக் கொண்டது. தம்புராவின் ஸட்ஜம், பஞ்சமம் பின்னால் ஒலித்துக்கொண்டே இருக்க, மேலே ராகம் நடக்கும். கார்ட் என்ற ஏற்பாடு மேற்கத்திய இசையிலிருந்து சினிமா வழியாகவும் தேவாலயம் வழியாகவும் நம்மிடம் வந்தது. அதனால் ஒரு தமிழ் மெட்டுக்கு நெட்டில் கிடைக்கும் கார்ட் பெரும்பாலும் யாரோ ஒருவர் காதால் கேட்டுப் பொருத்திப் பார்த்தது. இரண்டு பேர் இரண்டு விதமாகப் போட்டிருப்பார்கள், இரண்டும் பொருந்தவும் செய்யும். ஆகவே உங்கள் கைக்கு எது எளிதோ அதை எடுத்துக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கொஞ்சம் ராகம் தெரிந்தவர்களுக்கு எளிய பாட்டு தேட ஒரு நல்ல வழி இருக்கிறது. சங்கராபரணம்தான் மேஜர் ஸ்கேல். நடபைரவிதான் நேச்சுரல் மைனர். சங்கராபரணத்தின் தைவதத்தை ஸட்ஜமாக வைத்தால் நடபைரவி வரும் என்று கிரக பேதத்தில் படித்திருப்பீர்கள். கிடாரில் அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? ஜியை ஸட்ஜமாக வைத்த சங்கராபரணமும் ஈயை ஸட்ஜமாக வைத்த நடபைரவியும் ஒரே ஏழு சுரங்கள், ஒரே கார்டுகள். உங்கள் ஐந்து கார்டை வைத்தே இரண்டு ராகத்துப் பாட்டையும் தொடலாம். சந்தோஷமான மெட்டு ஜியில் வந்து நிற்கும், ஏக்கமான மெட்டு ஈ மைனரில் வந்து நிற்கும். மோகனத்தில் அமைந்த பாட்டு இன்னும் சுலபம். ஜியை ஸட்ஜமாக வைத்தால் ஜி, ஈ மைனர் இரண்டு கார்டின் சுரங்களும் முழுக்க ராகத்துக்குள்ளேயே இருக்கின்றன. நடுநடுவே சியும் டியும் சேர்த்தால் போதும். அரிகாம்போதிப் பாட்டுக்கு டியை வீடாக வைத்து டி, சி, ஜி. கீரவாணி என்றால் ஹார்மோனிக் மைனர். ஏ மைனர், டி மைனர், ஈ என்ற மூன்றே திறந்த கார்ட், ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் பார் கார்ட் ஒன்றுகூடக் கிடையாது. சினிமாவில் கீரவாணி சாயல் கொண்ட பாட்டுகள் ஏராளம். டி மைனரும் ஈயும் கற்றுக்கொண்டால் அந்த வாசல் முழுக்கத் திறந்துவிடும்.

எதைத் தள்ளி வைக்க வேண்டும் என்றும் இதிலேயே தெரிகிறது. கர்நாடக சங்கீதத்தில் சரளி வரிசை தொடங்குவது மாயாமாளவகௌளையில். ஆனால் கிடார் கார்டுக்கு அது தொடக்க ராகம் கிடையாது. சியை ஸட்ஜமாக வைத்தால் டி ஃபிளாட்டும் எஃப் மைனரும் தேவைப்படும், இரண்டும் பார் கார்ட். சுபபந்துவராளி, தோடி சாயலில் இருக்கும் பாட்டுகளும் அப்படித்தான், கொஞ்ச காலம் போகட்டும். அந்த மாதிரி ஒரு பாட்டு ரொம்பப் பிடித்துப்போய் விடவே மனமில்லை என்றால் தம்புரா மாதிரி வாசியுங்கள். நாலாவது கம்பி திறந்தபடி, மூன்றாவது கம்பியில் இரண்டாவது ஃபிரெட், இரண்டாவது கம்பியில் மூன்றாவது ஃபிரெட், இந்த மூன்றை மட்டும் மெதுவாகத் தட்டினால் டியில் ஸ, ப, மேல் ஸ கிடைக்கும். அதன் மேல் எந்த ராகத்தையும் பாடலாம். எனக்கு மிகவும் பிடித்த வாசிப்புகளில் அதுவும் ஒன்று.

சினிமாப் பாட்டில் இன்னொரு சிக்கல், பாட்டு முழுக்க ஒரே ஸ்கேலில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பல்லவி ஒன்றில் இருக்கும், இன்டர்லூட் எங்கெங்கோ போய் வரும், சரணம் வேறு இடத்தில் தொடங்கித் திரும்பி வந்து சேரும். அதனால் நான் எப்போதும் சொல்வது, பல்லவியை மட்டும் எடுங்கள். நாலு வரிப் பல்லவிக்குப் பெரும்பாலும் மூன்று நாலு கார்ட் போதும். பத்துப் பாட்டின் பல்லவி தெரிந்தால் ஒரு மொட்டை மாடி ராத்திரிக்குத் தாராளம். இன்டர்லூடுக்கு வாயால் ‘லலலா’ பாடிக்கொண்டு பல்லவியின் கார்டையே சுற்றிச் சுற்றி வாசியுங்கள், யாரும் குறை சொல்லப் போவதில்லை.

கிடார் எடுத்த எல்லோருக்கும் ‘இளைய நிலா’ வாசிக்க ஆசை இருக்கும். 1982ல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் வந்த பாட்டு. அதன் தொடக்கத்தில் வரும் கிடாருக்காகவே கிடார் வாங்கியவர்கள் உண்டு. ஆனால் அது கார்டைப் பிடித்துத் தட்டும் வேலை கிடையாது, ஒவ்வொரு கம்பியாகப் பிரித்து விரலால் மீட்டுவது, அதுவும் வேகமாக. அதை முதல் பாட்டாக எடுத்துக்கொண்டு மனம் சோர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மேஜைக்குள் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த வருடம் எடுக்கலாம். அதுவரை ஈ மைனரைப் பிடித்துக்கொண்டு கட்டை விரலால் ஆறாவது கம்பி, பிறகு மூன்று, இரண்டு, ஒன்று என்று மெதுவாக மீட்டிப் பழகி வாருங்கள். அதற்கான பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எங்கே தேடுவது என்றால், அல்டிமேட் கிடார் என்ற தளம் 1998லிருந்து இருக்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் பலர் எழுதிய பல வடிவங்கள், அதற்கு மதிப்பெண், எவ்வளவு கடினம் என்ற குறிப்பு, ஒரே தட்டில் ஸ்கேலை ஏற்றி இறக்கும் வசதி எல்லாம் அதில் உண்டு. ஆங்கிலப் பாட்டுக்கு அது போதும். தமிழ்ப் பாட்டுக்குப் பெயரோடு ‘கார்ட்ஸ்’, ‘கேப்போ’ என்ற இரண்டு சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். கேப்போ என்று குறிப்பிட்டு எழுதியவர் திறந்த கார்டிலேயே வாசிக்க யோசித்து எழுதியிருப்பார், அது உங்களுக்கு லாபம். நெதர்லாந்தில் உருவான கார்டிஃபை போன்றவை பாட்டைக் கேட்டுத் தாமாகவே கார்ட் போட்டுத் தரும். எந்தக் கார்ட் எங்கே மாறுகிறது என்று ஓடும் பாட்டோடு பார்க்க அது நல்ல உதவி, கோடு போட்டு எண்ணுவதற்கு இன்னும் வசதி. ஆனால் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஜிக்கும் ஈ மைனருக்கும் மூன்றில் இரண்டு சுரம் பொது, சிக்கும் ஏ மைனருக்கும் அப்படியே. இயந்திரம் இவற்றை மாற்றிப் போட்டுவிடும். வாசித்துப் பார்த்துக் காது எதை ஏற்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதியிருக்கும் கார்டை எளிதாக்குவதும் ஒரு பழக்கம்தான். ஏ மைனர் செவன்த் என்றால் ஏ மைனர் வாசியுங்கள். சி மேஜர் செவன்த் என்றால் சி. டி சஸ் ஃபோர் என்றால் டி. சாய்வுக் கோடு போட்டு இன்னொரு எழுத்து இருந்தால் கோட்டுக்கு முன்னால் இருப்பதை மட்டும் எடுங்கள். மைனர் என்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது, அதை விட்டால் பாட்டின் முகமே மாறிவிடும். டிமினிஷ்ட் என்று வந்தால் தொடக்கத்தில் அதைத் தாண்டி, முந்தைய கார்டிலேயே நின்று அடுத்ததற்குப் போகலாம்.

ஆங்கிலப் பாட்டும் கலந்து பழகினால் கை சீக்கிரம் தேறும், ஏனென்றால் கிடாரிலேயே பிறந்த பாட்டுகள் அங்கே அதிகம். ஹேங்க் வில்லியம்ஸ் 1952ல் பாடிய ‘ஜாம்பலாயா’ இரண்டே கார்ட். பாப் டிலனின் 1973ஆம் ஆண்டுப் பாட்டு ‘நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்’ முழுக்க உங்கள் பட்டியலுக்குள் இருக்கிறது: ஜி, டி, ஏ மைனர் ஒரு சுற்று, ஜி, டி, சி அடுத்த சுற்று, கடைசி வரை அவ்வளவுதான், அதுவும் மெதுவாக. பென் ஈ கிங்கின் ‘ஸ்டாண்ட் பை மீ’யை ஜி, ஈ மைனர், சி, டி என்று பிடித்து இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போ போட்டால் அசல் சுருதி. இலங்கை பைலாப் பாட்டுகளையும் விட்டுவிடாதீர்கள். சிலோன் மனோகர் பாடி நம் ஊர்க் கல்யாண வீடு வரை வந்த ‘சுராங்கனி’ மூன்று கார்டுக்குள் அடங்கும், ஸ்ட்ரம்மிங்குக்கும் அந்த ஆட்டமான தாளம் நல்ல பயிற்சி. தேவாலயப் பழக்கம் இருந்தால் புது ஆராதனைப் பாடல்களில் நாலு கார்டையே சுற்றி வருபவை நிறைய. பழைய பாமாலைப் பாட்டுகள் அப்படி இல்லை. நாலு குரலுக்காக எழுதியவை என்பதால் தட்டுக்குத் தட்டு கார்ட் மாறும். அவற்றில் வரியின் தொடக்கத்திலும் முடிவிலும் வரும் கார்டை மட்டும் வைத்துக்கொண்டு பாடலாம்.

எஃப்பையும் பி மைனரையும் பற்றி ஒரு வார்த்தை. எஃப் வரும் இடத்தில் எஃப் மேஜர் செவன்த் வாசிக்கலாம்: நாலாவது கம்பியில் மூன்றாவது ஃபிரெட், மூன்றாவதில் இரண்டு, இரண்டாவதில் ஒன்று, முதல் கம்பி திறந்தபடி. சியிலிருந்து போனால் ஆள்காட்டி விரல் அசைய வேண்டாம். மெட்டு எஃப் சுரத்திலேயே நிற்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் உரசும், மற்ற இடத்தில் அழகாகவே இருக்கும். பி மைனருக்கு, ஐந்தாவது, மூன்றாவது, முதல் கம்பிகளில் இரண்டாவது ஃபிரெட்டைப் பிடித்து மற்றவற்றைத் திறந்துவிட்டால் பி மைனர் செவன்த், ஆறாவது கம்பி வேண்டாம். அதுவும் வராவிட்டால் டி வாசியுங்கள், இரண்டு சுரம் ஒன்றுதான். இப்படியே இருந்துவிடாமல் தினம் ஐந்து நிமிடம் நிஜமான எஃப்பையும் அழுத்திப் பழகுங்கள். ஆறு மாதமாகியும் எஃப் ஒலிக்கவே இல்லை என்றால் கிடாரைப் பாருங்கள். 12வது ஃபிரெட்டில் ஆறாவது கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவில் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்க வேண்டும். என் முதல் கிடாரில் அது இதைப் போல இரண்டு மடங்கு இருந்தது. வாங்கிய கடையில் யாரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. ஒரு வருடம் என் விரல்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பி இறக்கித் தரத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தால் ஒரு மணி நேர வேலை. கூடவே 12க்குப் பதில் அதைவிட மெல்லிய 10 செட் கம்பி போடச் சொல்லுங்கள், விரலுக்கு இதமாக இருக்கும்.

கடைசியாக, வீட்டில் அடுத்து யாருக்குப் பிறந்தநாள் என்று பாருங்கள். ‘ஹேப்பி பர்த்டே’ பாட்டு ஜி, டி, சி மூன்றே கார்ட், ஒரு சுற்றுக்கு மூன்று தட்டு. பாட்டின் முதல் சொல் சுற்றுக்கு முன்னால் வெறுமனே விழும், அதற்கடுத்த சொல்லில்தான் முதல் தட்டு. ஜி ஒரு சுற்று, டி இரண்டு சுற்று, ஜி இரண்டு சுற்று, பெயர் சொல்லும் இடத்தில் சி ஒரு சுற்று, அப்புறம் ஜி, முடிவதற்குச் சற்று முன் டியைத் தொட்டு ஜியில் வந்து நிற்கும். எல்லோரும் ஒரே சுருதியில் தொடங்க நாலாவது கம்பியைத் திறந்தபடி ஒரு முறை தட்டுங்கள். அதுதான் முதல் சுரம். அதைப் பிடித்துக்கொண்டு பாடத் தொடங்கச் சொல்லுங்கள், நீங்கள் கேக்கைப் பார்க்காமல் உங்கள் மோதிர விரலைப் பாருங்கள்.